‘தண்ணி வந்துடுச்சா’ பக்கம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு நல்ல வார்த்தை பேசிவிட்டுப் போங்கள் என்று ஆபீஸில் கேட்டுக்கொண்டார்கள். நல்ல வார்த்தை எனக்கு வராது என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிராஜெக்ட்களைப் பார்த்தேன்.

‘ஒரிஜினலாக ஒரு தீம் யோசித்து வெப்சைட் செய்துகொண்டு வாருங்கள்’ என்று சொன்னதற்கு உங்களில் பாதிப் பேர் காபி ஷாப் செய்திருக்கிறீர்கள். அந்தக் காபி ஷாப் வாசலில் சிவப்பு சிவப்பாக மேப்பிள் இலை உதிர்கிறது. தில்லைநகரில் எந்தக் கிராஸில் மேப்பிள் மரம் நிற்கிறதப்பா? எனக்கும் காட்டுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன். இன்னொருவர் பனிமலைக்குச் சுற்றுலா. மே மாதத்தில் மலைக்கோட்டை ஏறி இறங்கினாலே நமக்கு நாக்கு தள்ளிவிடும், இவர் பனிச்சறுக்குக்கு டிக்கெட் போடுகிறார். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இந்த வேலைக்கு ட்ரெயினியாக வந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. சிரிக்க வேண்டாம். அதற்கு முன்னால் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்துகொண்டிருந்தேன். ஊர் உலகம் முழுக்கப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்ததும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். துவாக்குடியில் என் கணவர் வேலை பார்த்த லேத் பட்டறைக்கும் அப்போது ஆர்டர் இல்லை. மகன் காலேஜில். வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றே இல்லாத நேரம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில், “இந்த வயசுல கம்ப்யூட்டர் கிளாஸா மல்லிகா?” என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோர்ஸை முடித்து, கெஞ்சாத குறையாக இந்த ஆபீஸில் ட்ரெயினியாகச் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, ட்ரெயினிகளில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். முதல் பிராஜெக்டைப் பார்த்துவிட்டு முதலாளி முடிவு செய்வார். மிச்சம் இருந்தது நானும் பிரவீண் என்ற பையனும். பிரவீண் கிரகங்களை வைத்து ஒரு சைட் செய்துகொண்டிருந்தான். மவுஸை நகர்த்தினால் சனி தன் வளையத்தோடு ஆடி அசைந்து திரும்பும். முதலாளி போகும்போதும் வரும்போதும் அவன் பின்னால் நின்று சனியை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவார்.

எங்களுக்கு ஒரு டீம் லீடர். என் மகனைவிட நாலைந்து வயது மூத்த பெண். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்றைக்கும் போன் போட்டுத் திட்டுவாள். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மரியாதை குறையாமல் ஒரு மனுஷியைக் குத்திக் கிழிக்க முடியும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

என் தீம் காவிரி. பாலத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் வருகிறேன், சட்டென்று அதுதான் தோன்றியது. மேலே ஒரு அருவிப் படம், நீல நீலமாகத் தண்ணீர், கீழே மெனு: முகப்பு, எங்களைப் பற்றி, எங்கள் சேவைகள், தொடர்புக்கு. பெருமையோடு காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அக்கா, இது எந்த ஊரு?”

“காவிரி மேடம்.”

“காவிரி எப்பக்கா இவ்ளோ நீலமா ஓடுச்சு? சரி, அத விடுங்க. ‘எங்கள் சேவைகள்’னு போட்டிருக்கீங்களே, ஆறு என்னக்கா சேவை பண்ணுது? வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்குதா?”

பக்கத்து சீட்டில் பிரவீண் சனியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ் பாலத்தில் ஏறியது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் பாலம் வந்ததும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அதே நேரத்தில் மருங்காபுரியிலிருந்து என் நாத்தனார் போன். எடுத்ததும் முதல் கேள்வி, “அண்ணி, காவிரில தண்ணி வந்துடுச்சா?” அவர்கள் ஊருக்கும் காவிரிக்கும் சம்பந்தமே இல்லை. மானாவாரி பூமி. ஆனாலும் கேட்பாள். ஆடி பிறந்தால் நம் ஜில்லாவில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்தேன். மெனு இல்லை, அருவி இல்லை. ஒரே ஒரு பக்கம். மேலே ‘தண்ணி வந்துடுச்சா?’ என்ற கேள்வி. நடுவில், திரை நிறைய, ‘இல்லை’ என்ற பதில். பின்னணி முழுக்கக் காய்ந்த மணல், பஸ் ஜன்னலிலிருந்து நானே எடுத்த போட்டோ. தண்ணீர் வந்தால் பதில் ‘வந்துடுச்சு’ என்று மாறும், மணல் போய்ப் புதுத்தண்ணீரின் நிறம் வரும். டீயில் பால் கொஞ்சம் குறைந்தால் வருமே, அந்த நிறம். அடியில் ஏதாவது கேட்க விரும்பினால் எழுத ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான் சைட்.

லீடர் பார்த்தாள். இந்த முறையும் ரொம்ப நேரம்.

“இது நல்லா இருக்குக்கா” என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “என்னங்கம்மா இது, மணலும் ‘இல்லை’யும்? பாக்கறவன் ஓடிடுவான். அந்தத் தண்ணி வர்ற பக்கம் மட்டும்தான் பாக்கற மாதிரி இருக்கு” என்றார். கோபக்காரர், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆடிப்பெருக்கு அன்று காலை இரண்டு பேருடையதையும் பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார்.

நாத்தனாருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிவைத்தேன், இனிமேல் போன் போட்டு என் உயிரை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவள் சும்மா இருப்பாளா? வாட்ஸ்அப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் தள்ளிவிட்டாள். அடியில் வைத்த பெட்டி நிரம்ப ஆரம்பித்தது. ‘கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க.’ ‘நீச்சல் தெரியாது, இறங்கலாமா?’ ‘எங்க தெரு குழாய்ல ஒரு வாரமா தண்ணி வரல, எப்ப விடுவீங்க?’ இந்தக் கடைசி ஆள் என்னைக் கார்ப்பரேஷன் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் இல்லை என்று எழுதியதற்கு, ‘எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க’ என்று பதில் போட்டார்.

அந்த வருஷம் அணையைத் தாமதமாகத்தான் திறந்தார்கள். ஆடி பதினெட்டுக்குள் நம் ஊர் வந்து சேருமா சேராதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பாலத்தில் எட்டிப் பார்ப்பேன், ஆபீஸுக்கு வந்து ‘இல்லை’யை ‘இல்லை’யாகவே விட்டுவைப்பேன். அதைவிடச் சுலபமான அப்டேட்டை நான் பிறகு ஒருநாளும் செய்ததில்லை.

அப்போதுதான் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதினார். ‘வைகாசியில பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சுதுங்க. கல்யாண மாலைய ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல ஆத்துல விடணும்னு எடுத்து வச்சிருக்கோம். தண்ணி வந்தா வேன் எடுத்துட்டு சொந்தக்காரங்க எல்லாரும் வருவோம். வரலன்னா இங்கயே கிணத்துல விட்ருவோம். அவ்ளோ தூரம் வந்து மணல்ல போட்டுட்டுப் போக மனசு வரலைங்க.’ கீழே போன் நம்பரும் போட்டிருந்தார். நான் எழுதினேன்: ‘பக்கத்தில் “வந்துடுச்சு” என்று மாறினால் கிளம்புங்கள். மாறாத வரை கிளம்ப வேண்டாம்.’

ஆடிப்பெருக்கும் வந்தது. முந்தின ராத்திரி தண்ணீர் மாயனூரைத் தாண்டிவிட்டது, விடியும்போது முக்கொம்புக்கு வந்துவிட்டது என்று பேச்சு. காலையில் பாலத்தில் பார்த்தேன். மணல்தான். ஆபீஸில் முதலாளி பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். முதலில் பிரவீணின் கிரகங்கள். சனி சுற்றியது, வியாழன் சுற்றியது, முதலாளியின் முகமும் சுற்றியது. அடுத்து என்னுடையது. திரை நிறைய மணல், ‘இல்லை’.

“இதத்தான் தெனம் பாக்கறனே. அந்த இன்னொரு பக்கத்தப் போடுங்க, பாத்துட்டு முடிவு பண்ணிடறேன்.”

“சார், தண்ணி இன்னும் வரல.”

“முக்கொம்பைத் தாண்டிடுச்சும்மா! மத்தியானத்துக்குள்ள வரப்போவுது. வரப்போறத இப்பப் போட்டா என்ன? அஞ்சு நிமிஷம்தானே, பாத்துட்டு திருப்பி மாத்திடுங்க. யாரு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கப் போறா?”

“துறையூர்லேர்ந்து ஒரு குடும்பம் இதப் பாத்துட்டுத்தான் வேன் எடுக்குது சார்.”

“எவனோ துறையூர்காரனுக்காக எனக்குக் காட்ட மாட்டீங்களா?”

“மாத்த மாட்டேன் சார்.”

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பிரவீண் தலையைக் குனிந்துகொண்டான். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அந்த அம்மா மடியில் மாலையை வைத்துக்கொண்டு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. நான் என்ன செய்ய?

நீங்கள் இங்கே ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது தெரிகிறது. சைட்டை ஒரு காப்பி எடுத்து, அதில் மாற்றிக் காட்டியிருக்கலாமே! ஆமாம், காட்டியிருக்கலாம். எனக்கு அந்த அறிவு அப்போது இல்லை. லீடருக்கு இருந்தது. அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. ஏன் மேடம் சொல்லவில்லை என்று பின்னால் சண்டை போட்டேன். “நீங்க ‘மாட்டேன்’னு சொன்னது அவ்ளோ நல்லா இருந்துச்சுக்கா, கெடுக்க மனசு வரல” என்றாள். பாவி!

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து கார் சாவியை எடுத்தார். “வாங்க. நானே கூட்டிட்டுப் போறேன். இந்நேரம் தண்ணி பாலத்துக்கு வந்திருக்கும். வந்திருந்தா?”

“வந்திருந்தா மாத்திட்டு, அப்படியே வீட்டுக்குப் போயிடறேன் சார். வேலைய பிரவீணுக்கே குடுத்துடுங்க.”

இப்படியெல்லாம் பேசக் கூடாது பிள்ளைகளே. ரோஷம் வந்தால் எனக்கு முன்னால் பின்னால் தெரியாது. லீடரும் ஓடிவந்து காரில் ஏறிக்கொண்டாள். பிரவீணை ஆபீஸைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குக் காவிரிப் பாலத்துக்குக் காரில் போகலாம் என்று நினைக்கிறவர் திருச்சியில் எங்கள் முதலாளி ஒருவராகத்தான் இருக்க முடியும். அண்ணா சிலைக்கு முன்னாலேயே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். இறங்கி நடந்தோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி முன்னால், நான் பின்னால். எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு, தண்ணி கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்றைய தினத்தில் அப்படி வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

பாலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டம். எல்லா முகமும் மேற்கே பார்த்திருந்தது. முண்டியடித்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மணல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணலும் நாணலும்.

முதலாளியும் என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு, “சரிங்கம்மா, வரல. ஒத்துக்கறேன். வாங்க போகலாம்” என்றார். ஆனால் அவரே நகரவில்லை. தண்ணீர் வரப் போகிறது என்று தெரிந்த பிறகு பாலத்தை விட்டு நகருகிறவன் இந்த ஊர்க்காரனே இல்லை. லீடர் எங்கிருந்தோ மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று வாங்கிவந்தாள். சண்டையோடு கிளம்பி வந்த மூன்று பேரும் மாங்காய் தின்றுகொண்டு நின்றோம்.

வெயில் ஏறியது. கூட்டத்தில் யாரோ, “அதோ!” என்றார்கள். மேற்கே மணலின் நிறம் மாறியது. முதலில் நாய்கள் ஓடிவந்தன. பின்னால் பொடியன்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு நுரையையும் சருகையும் ஒற்றைச் செருப்பையும் முன்னால் தள்ளியபடி தண்ணீர் வந்தது. மெதுவாக, மணலைக் குடிக்க விட்டு, பள்ளம் பார்த்துப் பார்த்து வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவர் முகம் தெரியாத என்னிடம், “வந்துட்டாம்மா, வந்துட்டா!” என்று அழுதார்.

முதலாளி துள்ளினார். “வந்துடுச்சு மல்லிகாம்மா! மாத்துங்க, மாத்துங்க!”

போனிலிருந்தே பக்கத்தை மாற்றுகிற வழியை லீடர் எனக்குச் செய்து கொடுத்திருந்தாள். போனைக் கையில் எடுத்தேன். கீழே பார்த்தேன். நடு ஆற்றில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கும் அதற்கும் நடுவே இன்னும் மணல் மேடு கிடந்தது.

“படித்துறையைத் தொடல சார். அந்தம்மா மாலைய அங்கதான் விடப் போறாங்க.”

“ஐயோ, நீங்க இருக்கீங்களே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அவர் தன் வீட்டுக்குப் போன் போட்டார். இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். அதனால்தான் எங்களுக்கும் கேட்டது.

“தண்ணி வந்துடுச்சு! சாமான எடுத்துக்கிட்டுக் கிளம்பு!”

“சும்மா இருங்க” என்றது அந்தப் பக்கம் அவருடைய மனைவியின் குரல். “பேஜ்ல இன்னும் ‘இல்லை’ன்னுதான் இருக்கு.”

“எந்தப் பேஜ்?”

“அதாங்க, ஆத்துல தண்ணி வந்துச்சா இல்லையான்னு ஒருத்தங்க போடுவாங்கல்ல, அது. பத்து நாளா நாங்க எல்லாரும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

“நான் பாலத்துலயே நிக்கறேன்டி! கண்ணால பாக்கறேன்!”

“நீங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, வண்டி பாலத்துகிட்ட வந்துடுச்சுன்னு சொல்ற ஆளுதானே? அது மாறட்டும், கிளம்பறோம்.”

லீடர் வாயில் இருந்த மாங்காயைத் துப்பாமல் காப்பாற்றப் படாத பாடு பட்டாள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் படித்துறையைப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பி, மணல் மேட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் போனை வாய்க்குக் கிட்டத்தில் கொண்டுபோய், குரலைத் தணித்து, “சரி, இன்னும் வரல. வந்ததும் அதுல போடுவாங்க. பாத்துட்டுக் கிளம்பு” என்றார்.

பாலத்தைக் கடந்து அம்மா மண்டபத்துக்கு நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டது. நான் இறங்கி, குனிந்து, கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்து மாற்றினேன். மணல் போய் டீ நிறம் வந்தது. ‘வந்துடுச்சு.’ அடுத்த நிமிஷம் பிரவீண் போன் போட்டான். “அக்கா, மாறிடுச்சுக்கா! சூப்பரா இருக்குக்கா!” என்று கத்தினான். தன் வேலை போகப் போகிறதோ என்று பயப்பட வேண்டிய பையன் அப்படிக் கத்தினான். அவன் நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கு வேறொரு கம்பெனியில் பெரிய ஆளாக நன்றாகத்தான் இருக்கிறான்.

சாயங்காலம் நெருங்கும்போது துறையூர் வேன் வந்தது. நம்பரில் கூப்பிட்டு நானே போய் நின்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானா? தெனம் தெனம் ‘இல்லை’ன்னு போட்டீங்களே, அதாங்க நம்பினோம். அது மாறினதும் வேன்காரர நான் கேள்வியே கேக்க விடல.” புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் படியில் இறங்கி, காய்ந்துபோன மாலைகளைத் தண்ணீரில் விட்டார்கள். மாலை இரண்டும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு போயின. நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

லீடர் அப்போதே வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். முதலாளி மட்டும் தன் குடும்பத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. பந்தயத்தில் நான் தோற்கவில்லை, அவ்வளவுதானே. சனி கிரகம் இன்னும் ஆபீஸில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அவர் மனைவி தட்டில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களோடு படியிறங்கி வந்தார். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பூஜை முடிந்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, அவர் கணவரிடம் திரும்பினார்.

“ஏங்க, அந்தப் பேஜ் போடறவங்க யாருன்னு உங்க லைன்ல விசாரிச்சுச் சொல்லுங்களேன். பாவம், தெனம் போய்ப் பாத்துட்டு வந்து போடறாங்க போலிருக்கு. அவங்களுக்கும் ஒரு கயிறு குடுக்கணும்.”

முதலாளி என் பக்கம் கையைக் காட்டினார்.

“எதுக்கு விசாரிக்கணும்? இவங்கதான். மல்லிகா. நம்ம ஆபீஸ்ல வேலை பாக்கறாங்க.”

அவர் அதை அதற்கு முன் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் மனைவி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார், நான் கையை நீட்டினேன்.